ரொட்டிக்கு ரேஷன் வந்தது போர் முடிந்த பிறகுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பழைய ஊர்களைப் பற்றியும் அங்கே வளர்ந்த முதியவர்களின் சிறுவயது நினைவுகளைப் பற்றியும் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால் அதில் மூன்று இடங்களில் தகவல் தவறு. இரண்டாம் உலகப் போர்க்காலம் முழுவதும் ரொட்டிக்கு ரேஷன் இருந்ததாம். டெர்பிஷயரின் லேடிபவர் நீர்த்தேக்கத்தில் கோடை வறண்டால் மூழ்கிய தேவாலயத்தின் கோபுரம் இன்றும் வெளியே தெரியுமாம். இன்று கிழக்கு லண்டனில் உள்ள ஈஸ்ட் ஹாமின் பள்ளிகளை 1940களில் லண்டன் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மன்றம் நடத்தியதாம். இவை கட்டுரையாளர் கற்பனையில் எழுதியவை அல்ல. அந்தந்த ஊர்க்காரர்களே நம்பிச் சொல்பவை. வெறும் திருத்தம் மட்டும் அனுப்பாமல் நீண்ட கடிதமாக எழுதுவது அதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலாந்துப் பாடத்திட்டத்தில் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு உள்ளூர் வரலாற்று ஆய்வு ஒன்று இருக்கிறது. ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹாரோவிலும் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொல்லப்படுகிறார்கள். கேட்டதை அப்படியே எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் கட்டுரையே சாட்சி.

ரொட்டியை முதலில் பார்ப்போம். 1940 ஜனவரி 8 அன்று உப்பிட்ட பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுக்கு ரேஷன் வந்தது. பிறகு மற்ற இறைச்சி, தேயிலை, பாலாடைக்கட்டி, துணி, சோப்பு, மிட்டாய் என்று பட்டியல் நீண்டது. போர் முடியும்வரை அரசு ரொட்டிக்கு ரேஷன் போடவில்லை. 1942 முதல் வெள்ளை ரொட்டிக்குப் பதில் தவிடு கலந்த பழுப்பு நிற 'தேசிய ரொட்டி' வந்தது. யாருக்கும் பிடிக்கவில்லை, ஆனால் அதற்குக் கூப்பன் தேவைப்படவில்லை. ரொட்டிக்குக் கூப்பன் வந்தது 1946 ஜூலை 21 அன்று. உலகெங்கும் தானியத் தட்டுப்பாடு. ஜெர்மனியில் பிரிட்டனின் ஆளுகையில் இருந்த பகுதிக்கும் உணவு போக வேண்டியிருந்தது. அந்த ரேஷன் 1948 ஜூலை 24 வரை நீடித்தது.

அப்படியானால் போர்க்காலத்திலேயே ரொட்டிக்கு ரேஷன் இருந்தது என்று சொல்லும் பாட்டி பொய் சொல்கிறாரா? இல்லை. ரேஷன் முழுவதுமாக முடிந்தது 1954 ஜூலை 4 அன்று, இறைச்சிக் கட்டுப்பாடு நீங்கியபோதுதான். 1940இல் பிறந்த குழந்தைக்கு ரேஷன் புத்தகம் இல்லாத வாழ்க்கை 14 வயது வரை தெரியாது. அந்தக் குழந்தையின் மனதில் வரிசையில் நின்றதும் கூப்பனை வெட்டிக் கொடுத்ததும் மொத்தமாகப் 'போர்' என்ற ஒரே பெட்டிக்குள் போய்விடும். சிறுவயது நினைவின் இயல்பு இது. ஒரு காரியம் எப்படி நடந்தது என்பதை அது துல்லியமாக வைத்திருக்கும். எப்போது நடந்தது என்பதைத் தொலைத்துவிடும். ஆகவே 'எப்படி' என்பதை நினைவிடம் கேளுங்கள், 'எப்போது' என்பதை ஆவணத்திடம் கேளுங்கள். பல உள்ளூர் வரலாற்று நூல்கள் இதைத் தலைகீழாகச் செய்து கெடுத்துக்கொள்கின்றன.

நினைவில் இருக்கும் சின்ன விவரங்களை வைத்தே ஆண்டைக் கண்டுபிடிக்கவும் முடியும். பள்ளியில் கொடுத்த பால் நல்ல உதாரணம். பைண்டில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 190 மில்லி, ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் வரும். 1934 அக்டோபரில் தொடங்கிய திட்டத்தில் புட்டிக்கு அரைப் பென்னி கொடுக்க வேண்டும். 1946 ஆகஸ்ட் முதல் இலவசம். 1968இல் மேல்நிலைப் பள்ளிகளில் நிறுத்தப்பட்டது. 1971இல் 7 வயதுக்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நின்றது. எனவே "திங்கட்கிழமை காலையில் பால் காசு கொண்டுபோவோம்" என்று ஒருவர் சொன்னால் அது 1946க்கு முந்தைய வகுப்பறை. புட்டியின் மூடி எதனால் ஆனது என்றும் கேளுங்கள். நடுவில் விரலால் அழுத்தித் திறக்கும் துளையுள்ள அட்டை மூடி என்றால் காலம் முந்தையது. அந்த அட்டை வட்டங்களில் கம்பளி நூலைச் சுற்றிப் பந்து செய்ததை யாரும் மறப்பதில்லை. அலுமினியத் தாள் மூடி என்றால் பிந்தையது, ஆனால் ஊருக்கு ஊர் மாறிய ஆண்டு வேறு. மூடியை மட்டும் நம்பி ஆண்டை எழுதக் கூடாது. குளிர்காலத்தில் பால் உறைந்து மூடியை மேலே தள்ளிக்கொண்டு நின்றதும், அதை உருக்க ஆசிரியர் அடுப்பருகே வைத்ததால் வெதுவெதுப்பாகிக் குமட்டியதும் எல்லா ஊர்களிலும் சொல்வார்கள். அதில் ஆண்டு கிடைக்காது.

மிட்டாய் இன்னும் தந்திரமானது. "மிட்டாய்க்கு ரேஷன் நீங்கிய நாளில் கடையே காலியானது" என்று சொல்பவரிடம், முதல் தடவையா இரண்டாம் தடவையா என்று கேட்க வேண்டும். மிட்டாய் ரேஷன் 1942 ஜூலை 26 அன்று தொடங்கியது. ஆளுக்கு வாரத்துக்குப் பெரும்பாலும் 3 அவுன்ஸ், ஏறத்தாழ 85 கிராம். 1949 ஏப்ரல் 24 அன்று நீக்கினார்கள். தேவை கட்டுக்கடங்காமல் போகவே ஆகஸ்டில் மறுபடி கொண்டுவந்தார்கள். கடைசியாக நீங்கியது 1953 பிப்ரவரி 5. சிலரது நினைவில் இந்த இரண்டு நாட்களும் ஒன்றாகிவிட்டன. அந்த நாளில் எந்த வகுப்பில் இருந்தார், யார் காசு கொடுத்தார் என்று கேட்டால் இரண்டும் பிரிந்துவிடும்.

பள்ளியை விட்ட வயதும் நல்ல அளவுகோல். 14 வயதில் படிப்பை முடித்துக்கொண்டு ஆலைக்குப் போனேன் என்பவர் 1933 ஏப்ரலுக்கு முன் பிறந்திருப்பார். 1947 ஏப்ரல் 1 அன்று அந்த வயது 15 ஆனது, 1972இல் 16 ஆனது. காசையும் கேளுங்கள். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, ஒரு பென்னிக்கு 4 ஃபார்த்திங் என்ற பழைய கணக்கு 1971 பிப்ரவரி 15 வரை. ஆனால் ஃபார்த்திங் 1960 கடைசியிலேயே செல்லாமல் போனது. ஃபார்த்திங் கொடுத்து மிட்டாய் வாங்கியதாகச் சொல்பவரும் பென்னிக்கு நாலு மிட்டாய் வாங்கியதாகச் சொல்பவரும் ஒரே காலத்தவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பெரும்பனி ஆண்டுகள் இரண்டு. 1947இல் ஜனவரி கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை பனி. பிறகு அது உருகி வெள்ளம். 1962 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி 1963 மார்ச் தொடக்கம் வரை இன்னொன்று. இரண்டும் ஒன்றோடொன்று குழம்பும். பகலில் மின்சாரம் நிறுத்தப்பட்டது, நிலக்கரி இல்லாமல் பள்ளியும் ஆலையும் மூடின என்று வந்தால் 1947. வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கக் கொல்லைப்புறக் கழிவறையின் குழாய் மட்டும் உறைந்தது என்றால் 1963 என்று துணிந்து எழுதலாம்.

கிழக்கு லண்டன்காரர்களின் குண்டுவீச்சு நினைவுக்கும் இப்படிக் கேள்விகள் உண்டு. எஞ்சின் இரைச்சல் கேட்டு, அது சட்டென்று நின்று, பின்பு வெடித்தது என்றால் ஜெர்மனியின் ஆளில்லாப் பறக்கும் குண்டான வி-1. அது 1944 ஜூன் 13க்குப் பிறகு. எச்சரிக்கையே இல்லாமல் வெடிச்சத்தம் முதலில் வந்தது என்றால் வி-2 ஏவுகணை. அது 1944 செப்டம்பர் 8 முதல் 1945 மார்ச் வரை. ஒளிந்திருந்த இடம் தோட்டத்தில் புதைத்த நெளிதகரக் கூடாரமா, வீட்டுக்குள் மேசையாகவும் பயன்பட்ட இரும்புக் கூண்டா? கூண்டு என்றால் 1941 மார்ச்சுக்குப் பிறகுதான். தோட்டத்துக் கூடாரம் 1939 பிப்ரவரியிலிருந்தே கொடுக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 250 பவுனுக்குக் குறைந்த வீடுகளுக்கு இலவசம். ஏறத்தாழ 4 அடி ஆழம் தோண்டி இறக்கி, மேலே குறைந்தது 15 அங்குலம் மண் மூட வேண்டும். களிமண் நிலத்தில் மழைக்குத் தண்ணீர் ஊறி நிற்கும் என்பதால் பல குடும்பங்கள் அதில் படுக்காமல் மாடிப்படியின் அடியிலேயே படுத்தன. பெரியவர் "நாங்கள் அதற்குள் போனதே இல்லை" என்றால் வியப்படைய வேண்டாம்.

இனி லேடிபவர். அணைப் பணி 1935இல் தொடங்கியது. நீர் நிரம்பி 1945இல் திறப்பு விழா நடந்தது. டெர்வெண்ட், ஆஷாப்டன் என்ற இரண்டு ஊர்கள் மூழ்கின. டெர்வெண்ட் கல்லறையில் இருந்த உடல்களைத் தோண்டி எடுத்துப் பாம்ஃபோர்டில் மறுபடி அடக்கம் செய்தார்கள். பொதிக்குதிரைகள் போன பழைய கல்பாலத்தைக் கல் கல்லாகப் பிரித்து வைத்து, 1959இல் ஆற்றின் மேல்பகுதியில் ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் திரும்பக் கட்டினார்கள். தேவாலயத்தை இடித்தபோது கோபுரத்தை மட்டும் நினைவுச் சின்னமாக விட்டார்கள். நீருக்கு மேலே அது நீட்டிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் ஆட்கள் நீந்திப் போய் ஆபத்தில் சிக்கிவிடுவார்கள் என்று 1947 டிசம்பர் 15 அன்று வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இன்றைக்கு நீர் மிகத் தாழும் ஆண்டுகளில், 2018இல் போல, டெர்வெண்ட் ஊரின் சுவர் அடித்தளங்களும் கற்குவியல்களும் தெரியும், கோபுரம் தெரியாது. கோபுரத்தைத் தன் கண்ணால் பார்த்தேன் என்பவரின் பிறந்த ஆண்டைக் கேட்டால் போதும். 1940க்கு முன் பிறந்தவர் என்றால் பார்த்திருக்கலாம். 1950இல் பிறந்தவர் என்றால் தாயோ தந்தையோ சொன்னதைத் தன் நினைவாக ஆக்கிக்கொண்டிருக்கிறார். அதையும் பதிவு செய்யலாம். ஆனால் கேட்ட கதை என்று குறித்து வைக்க வேண்டும்.

மூன்றாவது ஈஸ்ட் ஹாம். அது 1965 ஏப்ரல் 1 வரை லண்டனில் இல்லை. எசெக்ஸ் பக்கத்தில் தன் பள்ளிகளைத் தானே நடத்திய கவுண்டி பரோ. ஹாரோ மிடில்செக்ஸில் இருந்தது, நியூ மால்டன் சர்ரேயில். டூட்டிங் மட்டும் அப்போதே லண்டன் கவுண்டிக்குள் இருந்தது. இதை அலுவலக எல்லைச் சச்சரவு என்று ஒதுக்க முடியாது. லண்டன் கவுண்டி மன்றம் தெருத் தெருவாக, வீட்டுக்கு வீடு வண்ணம் தீட்டித் தயாரித்த குண்டுச் சேத வரைபடங்களில் டூட்டிங் இருக்கும். ஈஸ்ட் ஹாமைத் தேடினால் கிடைக்காது. உடனே "அங்கே குண்டே விழவில்லை" என்று பிள்ளை எழுதிவிடும். வடக்கே இந்தக் குழப்பம் 1974 ஏப்ரல் 1 அன்று நடந்தது. பார்னோல்ட்ஸ்விக் என்ற ஆலை ஊர் யார்க்ஷயரின் வெஸ்ட் ரைடிங் என்ற பிரிவிலிருந்து லங்காஷயருக்கு வந்தது. சாடில்வொர்த் ஊர்கள் ஓல்டமோடு சேர்ந்து கிரேட்டர் மான்செஸ்டருக்குப் போயின. அந்த ஊர்களின் பழைய கவுண்டி நிர்வாகக் கோப்புகளை இன்றைய கவுண்டித் தலைநகரில் தேடிப் பயனில்லை. வெஸ்ட் ரைடிங் கோப்புகள் வேக்ஃபீல்டில் உள்ளன.

ஆவணங்களைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பெரிய ஓட்டையைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 100 ஆண்டு கழித்துத்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்படும். 1921ஆம் ஆண்டின் தாள்கள் 2022 ஜனவரியில் திறந்தன. 1931ஆம் ஆண்டின் தாள்கள் 1942 டிசம்பரில் ஹேய்ஸில் நடந்த தீ விபத்தில் முழுவதும் எரிந்தன. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆக அடுத்த தாள்கள் 1951க்கானவை. அவற்றைப் பார்க்க 2052 வரை காத்திருக்க வேண்டும். இடையில் இருப்பது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடு ஒன்றுதான். அடையாள அட்டைக்காக எடுத்தது. பிறந்த தேதி, தொழில், முகவரி எல்லாம் இருக்கும். ஆனால் அதிலும் மூன்று சிக்கல்கள். பிறந்து 100 ஆண்டு ஆகாத, இறப்பு உறுதிப்படாதவர்களின் வரிகள் கறுப்பாக மறைக்கப்பட்டிருக்கும். நாம் தேடும் குழந்தைகள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். படையில் இருந்தவர்கள் சேர்க்கப்படவில்லை. குடும்பத்தலைவர் இல்லாத வீடு என்று அவசரப்பட்டு எழுதக் கூடாது. இந்தப் பதிவேடு பின்னாளில் தேசிய மருத்துவச் சேவைக்கும் பயன்பட்டதால் மணமான பெண்களின் புதுக் குடும்பப் பெயரை பழைய பெயரின்மேல் எழுதியிருப்பார்கள். 1939இலேயே அந்தப் பெயர் இருந்தது என்று நினைத்தால் திருமண ஆண்டு தவறிவிடும்.

இன்னொன்று. 1939 செப்டம்பர் 1 முதல் மூன்றே நாளில் ஏறத்தாழ 15 லட்சம் பேர், பெரும்பாலும் பிள்ளைகள், நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பதிவேடு எடுத்த நாளில் அவர்கள் அந்தக் கிராமத்து வீடுகளில் இருந்தார்கள். லண்டன் முகவரியில் தேடிக் காணவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். அதே சமயம், ஊர் விட்டுப் போன பலர் குண்டு எதுவும் விழாததைக் கண்டு 1940 தொடக்கத்துக்குள் திரும்பிவிட்டார்கள். 1940இலும் 1944இலும் மறுபடி போனார்கள். "போர் முழுக்க கிராமத்தில் இருந்தேன்" என்பதைக் கிராமப் பள்ளியின் நாட்குறிப்பேட்டோடு ஒப்பிட வேண்டும்.

இந்தப் பள்ளி நாட்குறிப்பேடு உள்ளூர் வரலாற்றின் தங்கம் என்றே சொல்வேன். 1862இன் விதிகளுக்குப் பிறகு மானியம் பெறும் பள்ளியின் தலைமையாசிரியர் நடந்ததை எழுதி வைக்க வேண்டும். சொந்தக் கருத்து எழுதக் கூடாது. அதனாலேயே அது நம்பத்தக்கது. தட்டம்மையால் பள்ளி மூடல், உருளைக்கிழங்கு அறுவடைக்குப் பிள்ளைகள் போனதால் வருகைக் குறைவு, அடுப்புப் புகை, ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலையும் நகரத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்கு மாலையுமாகப் பிரித்த வகுப்புகள் எல்லாம் தேதியோடு இருக்கும். கவுண்டி ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். பெயர்கள் வருவதால் அண்மைக் காலப் பக்கங்களைப் பல காப்பகங்கள் தர மாட்டா. குறிப்பிட்ட தேதியைச் சொல்லி, பெயர் நீக்கிய தகவல் தர முடியுமா என்று கேட்டால் சில இடங்களில் உதவுவார்கள். ஆலை ஊர்களில் விடுமுறையையும் அந்த ஏட்டில்தான் பார்க்க வேண்டும். லங்காஷயரில் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி 'வேக்ஸ்' வாரம். பர்ன்லியில் ஜூலைத் தொடக்கம், ஓல்டமில் ஆகஸ்ட் இறுதி. அந்த வாரம் ஆலை மூடும், பள்ளி மூடும், கடை மூடும். புகைபோக்கிகள் ஓய்ந்து தூரத்துக் குன்று தெரியும். ஊரே ரயிலேறிப் பிளாக்பூல் போகும். 1938இன் சட்டத்துக்கு முன் அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது என்பதால் ஆண்டு முழுக்கச் சங்கத்தில் வாரம் சில பென்னி கட்டிச் சேர்ப்பார்கள்.

வரைபடத்தில் பிரிட்டனின் தேசிய நில அளவைத் துறையின் ஒரு மைலுக்கு 25 அங்குல அளவுள்ள தாள்களைப் பாருங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இங்கிலாந்து ஊர்களும் அதில் உள்ளன. தாளின் ஓரத்தில் அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என்று வெவ்வேறு ஆண்டுகள் இருக்கும். அச்சிட்ட ஆண்டை எடுத்துக்கொண்டு, "1938இல் இந்த வீடு இல்லை" என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. நிலத்தில் போய்ப் பார்த்தது அதற்கு ஆறேழு ஆண்டு முன்பாக இருக்கலாம். வரிசை வீடுகளை அடையாளம் காண்பதும் இதில் எளிது. பின்முற்றமும் பின்சந்தும் உள்ள வரிசையில் ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் சிறு கட்டமும் கழிவறையும் தெரியும். லீட்ஸ், பர்மிங்காமில் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகள் என்றால் கட்டடத் தொகுதியின் நடுவே நீளமாக ஒரே ஒரு கோடு ஓடும், வீட்டுக்கென்று தனிப் பின்முற்றம் இருக்காது. லீட்ஸில் அப்படி 1937 வரை கட்டினார்கள். போருக்குப் பிந்தைய 1:1250 தாள்களில் வீட்டு எண்களும் உண்டு. அதற்கு முந்தைய முகவரிகளில் எச்சரிக்கை தேவை. தெருக்களின் எண்களை மாற்றியிருப்பார்கள். 14ஆம் எண் வீடு இன்று 38 ஆக இருக்கலாம். மூலையில் உள்ள மதுக்கடையையோ தேவாலயத்தையோ நிலைப்புள்ளியாக வைத்து, பழைய வாக்காளர் பட்டியலையும் வர்த்தகக் கையேட்டையும் எண்ணிக்கொண்டே போய்ச் சரிபார்க்க வேண்டும். 1940 முதல் 1944 வரை வாக்காளர் பட்டியல் தயாரிக்கப்படவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இத்தனை ஆவணம் இருந்தும் எதிலும் கிடைக்காதது அன்றாட வேலைதான். அதற்கு நினைவைத் தவிர வேறு வழியில்லை. வடக்கத்தி ஆலை ஊரின் திங்கட்கிழமைத் துணிவெளுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவே அழுக்குத் துணி ஊறும். விடியுமுன் கொல்லைப்புற அறையில் செங்கல்லில் பதித்த கொப்பரையின் அடியில் தீ மூட்டுவார்கள். வாளி வாளியாக நீர் ஊற்றி, கட்டிச் சோப்பைச் சீவிப் போடுவார்கள். முதலில் வெள்ளைத் துணி கொதிக்கும். அதே நீரில் பிறகு வண்ணத்துணி. கடைசியில் ஆலை உடுப்பு. கொதித்ததை மரக்கோலால் எடுத்து, வரி வரியான துத்தநாகத் தொட்டியில் போட்டு, அடியில் செம்புக் குமிழ் பொருத்திய நீண்ட கோலால் மேலும் கீழுமாகக் குத்துவார்கள். பிறகு இரண்டு மர உருளைக்கு இடையே விட்டுப் பிழிதல், அலசல், கடைசி அலசலில் நீலம், காலருக்கும் மேசை விரிப்புக்கும் கஞ்சி, மறுபடி பிழிதல். நீல மூட்டையை அதிக நேரம் விட்டால் துணியில் கோடு விழும். பித்தானை உள்ளே மடிக்காமல் உருளையில் விட்டால் நொறுங்கும். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பின்சந்தில் கொடி கட்டினால் ஆலைப் புகைக்கரி படிந்து அத்தனையும் வீண். நிலக்கரி வண்டி திங்களன்று சந்துக்குள் நுழைந்தால் பெண்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும். 112 பவுண்டு மூட்டையைச் சுமந்து வருபவர் ஈரத்துணிகளுக்கு நடுவே போக முடியுமா? மீந்த சோப்பு நீரும் வீணாகாது. முற்றமும் கழிவறையும் அதில்தான் கழுவப்படும். சாப்பாடு, ஞாயிறு மீந்த இறைச்சி.

வாசற்படியைத் தேய்த்த கல்லைப் பற்றியும் கேளுங்கள். ஆஷ்டன்-அண்டர்-லைனில் அரைத்த கல், சிமெண்ட், வெளுப்புத்தூள், நீர் சேர்த்து அச்சில் வார்த்த கட்டி அது. வெள்ளை, இளமஞ்சள், பழுப்பு நிறங்களில் வந்தது. பழந்துணி வாங்க வருபவர் பண்டமாற்றாகக் கொடுப்பார். எந்தத் தெருவில் எந்த நிறம், படியின் முகப்பு மட்டுமா முழுப் படியுமா என்பதற்கெல்லாம் எழுதாத சட்டம் இருந்தது. இவை எந்தக் காப்பகத்திலும் இல்லை. ஆனால் பேட்டி எடுப்பவர்கள் இவற்றை விட்டுவிட்டு "அது எந்த ஆண்டு?" என்றே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

பேட்டிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சில சொற்கள். வீட்டின் தரைப்படத்தை அவரையே ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். அடுப்பு எங்கே, காசு போட்டால் எரிவாயு தரும் மீட்டர் எங்கே, யார் எந்தப் படுக்கையில் என்று வரையும்போது தானாகப் பேச்சு வரும். "ஆம், இல்லை" என்று முடியும் கேள்வி வேண்டாம். ஒரு மணி நேரத்தோடு நிறுத்திவிட்டு மறுவாரம் போங்கள். நடுவில் அவருக்கு நினைவு வந்தது இரண்டாம் அமர்வில்தான் கிடைக்கும். கைப்பேசியில் பதிவு செய்தால் மேசைமேல் வெறுமனே வைக்காமல் மடித்த துண்டின் மேல் வையுங்கள். கோப்பையை வைக்கும் சத்தம் முழுவதும் ஒலிவாங்கியில் ஏறும். குளிர்பெட்டி உறுமும் சமையலறையைத் தவிர்க்கவும். சுருக்காத வேவ் (WAV) ஒலிக்கோப்பாகச் சேமிக்கவும். பிரிட்டன் சட்டப்படி பேசியவரின் சொற்களுக்குப் பதிப்புரிமை பேசியவருக்கே. வகுப்புக்கு வெளியே பயன்படுத்த அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டும். உயிரோடிருக்கும் அண்டை வீட்டாரைப் பற்றி அவர் சொன்னதை வெளியிட வேண்டாம்.

ஒளிப்படம் கொடுத்தால் பின்பக்கத்தையும் படமெடுக்க வேண்டும். கடையின் முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும். தெருவிருந்துப் படம் என்றாலே 1953 முடிசூட்டு விழா என்று எழுதிவிடுகிறார்கள். 1935, 1937, 1945 ஆகிய ஆண்டுகளிலும் தெருவிருந்து நடந்தது. 1953 ஜூன் 2 அன்று மழையும் குளிரும்; பல இடங்களில் விருந்தை மண்டபத்துக்குள் மாற்றினார்கள். பிள்ளைகள் கையில்லாச் சட்டையில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருக்க, மேசையைச் சுற்றி இளைஞர்களே இல்லாமல் பெண்களும் கிழவர்களும் மட்டும் நின்றால் 1945ஐத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உங்கள் கட்டுரையோடு வந்த படமும் அப்படிப்பட்டதே; கீழே 1953 என்று போட்டிருக்கிறீர்கள். மூலப்படம் உங்களிடம் இருந்தால் பின்பக்கத்தைப் பார்த்துத் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இனி இத்தகைய கட்டுரைகளில் ஊர்ப்பெயரோடு அந்தக் காலத்துக் கவுண்டிப் பெயரையும், பேசியவரின் பெயரை விட்டாலும் பிறந்த ஆண்டையும் சேர்த்து அச்சிட்டால் வாசகர்களே சரிபார்த்துக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
வாசகர், லண்டன்